ஒன்பதாம் ஏடு

ஓலைச்சுவடியில் உலகம் பாடம் படித்த முன்னொரு காலத்தில், ஒரு மன்னர் வடதேசத்து இளவரசியை மணந்தார். அவள் மொழி இவருக்குத் தெரியாது. ஊடலும் சமாதானமும் துபாஷி வழியே நடந்தன. ஆறு மாதத்தில் மன்னருக்கு அலுத்துவிட்டது. அம்மொழியைத் தாமே கற்பதென்று முடிவு செய்தார்.

அம்மொழியைக் கற்பிக்கும் இரண்டு பாடநூல்கள் சபைக்கு வந்தன. இலக்கணம் முழுவதையும் மனனம் செய்த பிறகே வாய் திறக்க வேண்டும் என்றது, அமைச்சர் விடங்கராயரின் மைத்துனர் எழுதிய நூல். முதல் நாளே பேசு, பிழையைப் பிறகு திருத்திக்கொள் என்றது, துறைமுகத்து ஆசிரியர் ஒருவரின் நூல்.

அரியணைக்கு வலப்புறம் விகடகவி செங்கோடருக்கு ஓர் ஆசனம் உண்டு. பாட்டனார் காலம் முதல் அக்குடும்பத்துக்கு உரியது அது. அதன்மேல் அமைச்சருக்கு நெடுநாள் கண். ஓர் எழுத்தும் படிக்காமல், எவரையும் விசாரிக்காமல் செங்கோடரே நூலைத் தேர்ந்தெடுக்கட்டும், தவறினால் ஆசனத்தைத் துறக்கட்டும் என்று மன்னரைத் தூண்டிவிட்டார். மன்னருக்கும் அந்த வேடிக்கை பிடித்துப்போயிற்று.

செங்கோடர் கெஞ்சவில்லை. அந்நூல்களைக் கற்பிக்கும் இரு பள்ளிகளிலும் மாணாக்கர் தினமும் புரட்டும் சுவடிகளே வர வேண்டும் என்று மட்டும் சொன்னார். அவை வந்ததும் மேல்துண்டால் கண்களைக் கட்டிக்கொண்டு, ஏடு ஏடாகத் தடவிப் பார்த்தார்.

“மன்னர் பெருமானே, இடக்கைச் சுவடியில் எட்டு ஏடு வரை விரல் பிசுக்கு. ஒன்பதாம் ஏட்டிலிருந்து எவர் கையும் படவில்லை. மாணாக்கர் எட்டோடு ஓடிவிட்டார்கள். வலக்கைச் சுவடியில் கடைசி ஏடு வரை பிசுக்கு. கயிறு கோத்த துளையே தேய்ந்து அகன்றிருக்கிறது. இதுவே தங்களுக்குத் தகும்.”

இடக்கையில் இருந்தது மைத்துனரின் நூல். அமைச்சர் முகம் சிவந்தது. “எங்கள் மாணாக்கர் கை அலம்பிவிட்டே சுவடியைத் தொடுபவர்கள்.”

“முதல் எட்டு ஏட்டுக்கும் அலம்பியிருக்கலாமே, அமைச்சரே.”

சபை சிரித்தது. மன்னர் சிரிக்கவில்லை. தாம் கற்றுப் பார்க்கும்வரை ஆசனம் காலியாக இருக்கட்டும் என்றார். மூன்று மாதம் செங்கோடர் சபையில் நின்றார், தூணில்கூடச் சாயவில்லை.

ஒருநாள் அரசி சபைக்கு வந்து ஏதோ சொன்னாள். தங்கள் வீரத்தைப் புகழ்கிறார் என்று துபாஷி பணிந்தான்.

“இல்லையப்பா, என் மீசையைப் பழிக்கிறாள்” என்றார் மன்னர்.

அரசி திகைத்தாள். மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். செங்கோடரைக் கைபிடித்து அழைத்துச் சென்று ஆசனத்தில் அமர்த்தி, தம் முத்துமாலையைக் கழற்றி அணிவித்தார். இனி அந்த ஆசனம் அவர் வம்சத்துக்கே என்று செப்பேட்டில் பொறிக்கச் சொன்னார்.

அமைச்சரின் மைத்துனருக்கும் ஒரு கட்டளை போயிற்று: தம் நூலை ஒன்பதாம் ஏட்டிலிருந்து தாமே படித்து முடித்துவிட்டு வர வேண்டும். அவர் இன்னும் வரவில்லை.