ஏழாவது பதில்

சோலைக்குளத்துக் காட்டில் ஏழு புள்ளிமான்கள் இருந்தன. பனிமூட்டத்தில் தண்ணீருக்குப் போனால் வரிசையாகத்தான் நடக்கும். முன்னால் போகிறவர், "இருக்கீங்களா?" என்று கேட்க வேண்டும். பின்னால் வரும் ஆறும் ஒவ்வொன்றாக, "இருக்கேன்!" என்று சொல்ல வேண்டும்.

அவர்களில் மோப்பத்திலும் காதிலும் மருதியை அடிக்க ஆள் கிடையாது. "நீயே முன்னால போயேன்டி!" என்று எல்லாரும் கெஞ்சிப் பார்த்தார்கள்.

"ஐயோ, நாலு பேர் முன்னால எனக்கு நாக்கு ஒட்டிக்கும்! திக்கினா சிரிப்பீங்க!" என்று மருதி நழுவிவிட்டாள். அதனால் நெடுங்கொம்பன் முன்னால் போனான். அவனுக்குத் தொண்டை பெரிது, காதுதான் மந்தம்.

அன்று காலை எதிரே நிற்கும் மரம்கூடத் தெரியவில்லை. தவளைச் சத்தமும் இல்லை.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்!" "இருக்கேன்!" என்று பதில்கள் வந்தன. மருதி எண்ணினாள். ஏழு! கடைசியில் வரும் சாமந்திக்கும் பின்னாலிருந்து ஒரு குரல். அதற்குக் குளம்புச் சத்தமே இல்லை.

மருதி வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். திக்காமல் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். பாவி, மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள்!

"இருக்கீங்களா?"

இந்தத் தடவை ஆறு பதில். "எல்லாரும் இருக்கோம், நடங்க!" என்றான் நெடுங்கொம்பன்.

ஆறாவது பதில் சாமந்தியின் குரல்தான். ஆனால் சாமந்தியின் குளம்புச் சத்தம் நின்றுபோயிருந்தது. ரத்த வாடை வந்தது. அந்தக் குரல் இப்போது மருதியின் தங்கை தும்பிக்கு ஒட்டினாற்போலப் பின்னால் கேட்டது.

"அ... அ... அது சாமந்தி இல்லை! ஓ... ஓடுங்க! எ... என் பின்னால வாங்க!" என்று அலறினாள் மருதி.

ஒருவரும் சிரிக்கவில்லை. விழுந்தடித்து அவள் பின்னால் ஓடினார்கள். "இருக்கேன்... இருக்கேன்..." என்று சாமந்தியின் குரல் கொஞ்ச தூரம் துரத்திக்கொண்டே வந்தது.

மேட்டில் வெயில் பட்டபோது தும்பி மூச்சிரைக்கக் கேட்டாள்: "அக்கா, உனக்கு முன்னாடியே கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றாள் மருதி. அந்த ஒரு சொல் மட்டும் திக்காமல் வந்தது.

மறுநாள் மருதி முன்னால் நடந்தாள். "இ... இருக்கீங்களா?" என்றாள். ஐந்து பதில் வந்தது.

பேச்சுத் தடுமாறுமே என்று பயந்து விவரம் தெரிந்தவர் ஒதுங்கி நின்றால், அந்தக் கேடு கூட வருகிறவர் தலையில்தான் விடியும்.