மூவருக்கு மேல் கூடலாகாது

மணற்குடியை ஆண்ட விசயதேவருக்குச் செவிகள் இரண்டு. வலச்செவி அமைச்சர்களுக்கு உரியது. அது பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருக்கும். இடச்செவி எண்ணெய் வணிகர் கனகசபாபதிக்கு உரியது.

ஒரு வியாழக்கிழமை அந்த இடச்செவியில் வணிகர் சொன்னார்: "அரசே, தெற்குத் தெருவில் பதினேழு பெண்கள் வெள்ளிதோறும் கூடுகிறார்கள். நடுவே ஒரு பானை. ஆளுக்கொரு பிடி எதையோ அதில் போடுகிறார்கள். பிறகு தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள்."

"சதியா?"

"நான் அப்படிச் சொல்லவில்லை. அரசருக்கே அது தோன்றியிருக்கிறது."

பானையில் விழுந்தது அரிசி. மூன்றாண்டுகள் சேர்த்த அரிசியை விற்று அந்தப் பெண்கள் ஒரு பழைய செக்கு வாங்கியிருந்தார்கள். அதில் ஆட்டிய எண்ணெய் நன்றாயிருந்தது என்பதுதான் நாட்டுக்கு வந்த ஆபத்து.

அரசர் ஓலைநாயகத்தை அழைத்தார். அரச ஆணைகளை எழுதும் அப்பதவியில் இருந்தவள் அஞ்சுகம். சொன்னதைச் சொன்னபடி எழுதுவாள். அதனால் அவளைக் கண்டு பலர் அஞ்சினார்கள்.

"எழுது. மூவருக்கு மேல் ஓரிடத்தில் கூடலாகாது. மீறினால் அவ்விடமும் அங்குள்ள பொதுப்பொருளும் ஏலத்துக்கு வரும்."

"தெற்குத் தெருப் பெண்கள் என்று குறிக்கட்டுமா, யாராயினும் என்று எழுதட்டுமா?"

அரசர் வணிகரைப் பார்த்தார். "யாராயினும் என்றே இருக்கட்டும் அம்மையே," என்றார் வணிகர். "பெண்களை மட்டும் குறித்தால் யாரோ தூண்டியது போலத் தெரியும்."

"யாராயினும்," என்று அஞ்சுகம் எழுதினாள். அரசர் முத்திரை இட்டார்.

மறுநாள் காலை முரசறைந்தார்கள். சித்திரை வெயில் மண்டபத்துக்குள்ளும் வந்திருந்தது. அரியணையில் அரசர், இருபுறமும் சாமரம் வீசும் பெண்கள் இருவர். வேறு எவரும் இல்லை.

"அமைச்சர்கள் எங்கே?"

"வீட்டில், அரசே," என்றது வாசலுக்கு வெளியிலிருந்து அஞ்சுகத்தின் குரல். "காவலர்களும்தான். உள்ளே மூவர் இருக்கிறீர்கள். வெளியே நான், வணிகர், மனுவோடு வந்த தெற்குத் தெருச் செக்கடி வேலம்மை, நாங்களும் மூவர். இன்னொருவர் வந்தால் மண்டபம் ஏலத்துக்குப் போகும்."

"இது அரச மண்டபம்."

"யாராயினும் என்று எழுதியிருக்கிறது, அரசே."

"காலையில் அறைந்த ஆணையை நண்பகலில் மாற்றினால் ஊர் நகைக்கும்," என்று வணிகர் வெளியிலிருந்து எச்சரித்தார். செக்கு ஏலத்துக்கு வரும்வரை ஆணை உயிரோடிருப்பது அவருக்கு அவசியம்.

"சரி, நீர் உள்ளே வாரும்," என்றார் அரசர். சாமரப் பெண் ஒருத்தி வெளியேறினாள். ஒருபுறம் காற்று நின்றது. அரசரின் பார்வை கீழே கிடந்த சாமரத்தின் மீது விழுந்து, பிறகு வணிகர் மீது வந்து நின்றது. வணிகர் அதை எடுத்து வீசத் தொடங்கினார்.

"அரசே, இன்று வெள்ளி, அவர்கள் கூடுவார்கள். செக்கை ஏலம் விட ஓர் ஓலை வேண்டும்," என்றார் வீசியபடி.

ஓலைக்கு அஞ்சுகம் உள்ளே வரவேண்டும். இரண்டாவது சாமரப் பெண்ணும் வெளியேறினாள். வணிகர் இரு கைகளிலும் சாமரம் ஏந்தினார்.

அஞ்சுகம் எழுத்தாணியை எடுத்தாள். "ஏலம் கூறுபவர் ஒருவர். முரசறைபவர் ஒருவர். செக்கைக் காக்க ஒருவர். ஆக மூவர். ஏலம் கேட்பவர் எங்கே நிற்பார் என்று எழுதட்டும்?"

வணிகரின் கைகள் சற்று நின்றன. "காற்று," என்றார் அரசர். கைகள் மீண்டும் அசைந்தன.

"அந்த வேலம்மையை வரச்சொல். வணிகரே, சற்று வெளியே நில்லும்."

வணிகர் வாசலுக்குப் போனார். ஓராண்டில் முதன்முறையாக இடச்செவி காலியாயிற்று.

வேலம்மை கைகளில் எண்ணெய்ப் பிசுக்கோடு வந்து நின்றாள்.

"வெள்ளிக்கிழமை என்ன பேசுவீர்கள்?"

"முதலில் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று பேசுவோம். அடுத்து செக்குமாட்டின் வயிறு. அப்புறம் சண்டை."

"சண்டையா?"

"பதினேழு பேர் இருக்கிறோமே, அரசே."

"இந்தச் செக்கால் ஊருக்கு என்ன பயன்?"

"தெருக்கிணற்றைத் தூர்வாரினோம். மருத்துவச்சிக்குக் கூரை போட்டோம். ஏழு வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். வணிகர் கடையிலும் ஒரு முன்னேற்றம்."

"அதென்ன?"

"நாங்கள் விற்கத் தொடங்கிய மறுவாரமே அவருடைய படி நிறைய அளக்கத் தொடங்கிவிட்டது."

"கிணறு தூர்வார என் அமைச்சர்கள் நான்காண்டுகளாகத் திட்டமிடுகிறார்கள்," என்றார் அரசர்.

"அவர்களும் கூடித்தான் திட்டமிடுகிறார்கள்," என்றாள் அஞ்சுகம். "பானை மட்டும்தான் இல்லை."

"ஊர் நகைக்கட்டும். ஆணையை நீக்கி எழுது. செக்கு அவர்களுடையது. அரண்மனை விளக்குகளுக்கு இனி தெற்குத் தெரு எண்ணெய்."

அஞ்சுகம் எழுதினாள். முத்திரை விழுந்ததும் கதவு திறந்தது. வணிகர் உள்ளே வந்து செய்தியைக் கேட்டார். முகம் சிறுத்தாலும், எடுக்கப்போன சாமரத்தைத் தொடாமல் நிமிர்ந்தார்.

"அப்படியானால் சாமரப் பெண்கள் திரும்பி வரலாமே."

வேலம்மை தொண்டையைச் செருமினாள். "அவர்கள் வரமாட்டார்கள், அரசே. வாசலில் நின்றபோது என்னிடம் வேலை கேட்டார்கள். எள் புடைக்க வரச்சொல்லிவிட்டேன்."

"அரசப் பணியை விட்டா? கூலி அதிகமோ?"

"கூலியைப் பற்றி அவர்கள் கேட்கவே இல்லை. உட்கார்ந்து செய்யும் வேலையா என்றுதான் கேட்டார்கள்."

அரசர் அரியணை அதிரச் சிரித்தார். தம் கையிலிருந்த கடகத்தைக் கழற்றி அஞ்சுகத்துக்கு அளித்தார். பிறகு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு இடப்புறம் திரும்பினார்.

"வேறு ஆள் கிடைக்கும்வரை, வணிகரே, நீர் வீசும்."