பாயசம் தீர்ந்த பந்தி

பனியன் கம்பெனி நாச்சிமுத்துவுக்கு அறுபது வயது. குழப்பம் வந்தால் அன்னதான மடத்துத் தவமணி அம்மாவிடம் ஓடி வருவார். அந்த அம்மா இவரைவிடப் பத்து வயது இளையவர். இருந்தால் என்ன, குரு குருதானே!

அன்றைக்கு வந்தபோது மனுஷருக்குத் தலை வெடித்துவிடும்போல் இருந்தது. அவர் கம்பெனியில் பாவாத்தாளும் செல்லப்பனும் பக்கத்துப் பக்கத்து மெஷின். ஆண், பெண் என்று பார்க்காமல் இருவருக்கும் ஒரே சம்பளம். அதில் இவருக்கு ஏகப்பட்ட பெருமை. ஆறு மணிக்கு மேலும் இருந்து லோடு முடித்துக் கொடுப்பவர்களுக்கு மட்டும் தனிப் பணம் உண்டு. தீபாவளி போனஸும் அதைப் பார்த்துத்தான். செல்லப்பன் இருப்பான். பாவாத்தாள் மணி அடித்ததும் கிளம்பிவிடுவாள். இந்த வருஷம் அவனுக்குக் கிடைத்ததில் பாதிதான் அவளுக்கு.

சம்பளம் ஒன்று என்றால் போனஸ் மட்டும் ஏன் பாதி என்று கேட்டுவிட்டாள் பாவாத்தாள். நாளைக் காலைக்குள் பதில் வராவிட்டால் வேறு கம்பெனிக்குப் போகிறாளாம். அவளைப் போலத் தைக்க இன்னொரு ஆள் இல்லை என்பது இவருக்கே தெரியும்.

"யாரையும் நான் கிளம்பிப் போகச் சொல்லலைங்கம்மா. இதுல என் தப்பு எங்கே இருக்குதுன்னே புரியலை."

"ஆறு மணிக்கு அவ எங்கே போறா?"

"அதை நான் எதுக்குங்கம்மா கேட்கணும்?"

அம்மா சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்று பந்தியில் உட்கார வைத்தார். பக்கத்து இலையில் கண் தெரியாத ஒரு பெரியவர். உள்ளேயிருந்து முந்திரிப் பாயசம் கொதிக்கிற வாசனை வந்தது. நாச்சிமுத்துவுக்குப் பாயசம் என்றால் உயிர்.

ரசம் முடிகிற நேரம் பெரியவர் இவர் கையைத் தொட்டார். தனக்குச் சர்க்கரை வியாதி, பாயசம் ஆகாது, கை கழுவவைத்துத் திண்ணையில் இருக்கிற தன் பாயில் கொண்டுபோய் விட முடியுமா என்று கேட்டார். நாச்சிமுத்து சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை. வேறு வழியில்லாமல் இவரே எழுந்தார்.

திரும்பி வந்து பார்த்தால் இலையைக் காணோம். அம்மா பாயச அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பாயசம் இல்லைங்களா?"

"உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் ஒரே அளவு ஊத்தினோம். யாரையும் எந்திரிச்சுப் போகச் சொல்லலைங்க."

நாச்சிமுத்துவுக்கு ஆத்திரம் வந்தது. ஒரு டம்ளர் பாயசத்துக்கா இப்படி என்று வெட்கமாகவும் இருந்தது.

"நான் சும்மாவா போனேன்? எங்கே போனேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேங்கம்மா."

தவமணி அம்மா அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு இவரைப் பார்த்தார்.

"அதை நான் எதுக்குங்க கேட்கணும்?"