ஸ்க்ரீனில் இருந்த நானூறு பேரிங்

கோவையில் ஒரு பம்ப் கம்பெனி. அங்கே மேனேஜர் தண்டபாணிக்கு ஒரு பழக்கம். "லாரி கிளம்பிருச்சு" என்று சப்ளையர் போனில் சொன்னதுமே, சாமான் வந்துவிட்டதாக சாஃப்ட்வேரில் ஏற்றிவிடுவார். சாஃப்ட்வேரும் அதை நம்பி, மறுநாள் வேலைக்குத் திட்டம் போட்டுத் தரும்.

ஸ்டோர் பார்க்கும் செண்பகவல்லியின் ஐந்து வயது மகள் கோவில்பட்டியில் பாட்டியிடம் இருந்தாள். பிள்ளையைப் பார்த்து மூன்று மாதம். லீவு கேட்டால், "திட்டத்துல இடமில்லம்மா" என்பார் தண்டபாணி.

அன்று முதலாளி வந்த நேரம், பேரிங் இல்லாமல் வேலை நின்று கிடந்தது.

"ஸ்க்ரீன்ல நானூறு இருக்கே! இப்பவே எடுத்துட்டு வா!" என்று தண்டபாணி செண்பகவல்லியிடம் கத்தினார்.

"அது இன்னும் ஓசூரையே தாண்டலைங்க சார். கிளம்பினாலே வந்த மாதிரின்னா, என் மனசு கோவில்பட்டிக்குக் கிளம்பி மூணு மாசமாச்சு. நானும் ஊர் போய்ச் சேர்ந்துட்டதா ஏத்திடுங்க."

முதலாளி காலி ராக்கைப் பார்த்தார். "லாரி வர்ற வரைக்கும் இதுக்கு நீங்களே காவல் இருங்க, தண்டபாணி. நீ ஊருக்குப் போயிட்டு வாம்மா."

பஸ் நகர்ந்ததும் மகள் போனில் கேட்டாள்: "வந்துட்டியாம்மா?"

"கிளம்பிட்டேன் கண்ணு. உன்னைத் தூக்கின பிறகுதான் வந்துட்டேன்னு சொல்லுவேன்."