புகைத் தலையணை

நாகஜோதி இலவம்பஞ்சில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். வருகிற மாப்பிள்ளை சாய்ந்து உட்காரத் தன் கையாலேயே ஒரு தலையணை செய்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆசையை யாரிடமும் சொல்லவில்லை. மூக்கு நுனியில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டிவிடாமல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை ஜெயபாண்டி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். தெருமுனையில் பிள்ளைகளை இறக்கும்போது, மேலே கம்பி இடித்துவிடாமல் ஒவ்வொரு தலைக்கும் கையை வைத்து மறைத்துக்கொடுப்பான். அதைப் பார்த்தே அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

சிக்கல் அவனுடைய அப்பாவிடம்தான். பரமன் என்று பேர், தீயணைப்பு வண்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பஞ்சு வீட்டில் புகை வாசம் அடித்தால் வாசலோடு திரும்பிவிடுவேன், தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று தரகரிடம் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

நாகஜோதிக்கு மூன்று அண்ணன்கள்: ஒச்சப்பன், சீலையன், தவசி. மெத்தை தலையணை தைப்பதில் மூவரையும் அடிக்க ஆள் கிடையாது. மற்றபடி, சொன்னதைச் சொன்னபடியே செய்கிறவர்கள். மாட்டை நிழலில் கட்டச் சொன்னால், நிழல் நகர நகர முளைக்குச்சியைப் பிடுங்கிப் பிடுங்கி நட்டு, பொழுது சாயும்போது அடுத்த தெருவில் நிற்பார்கள்.

மூவரும் பீடிக்காரர்கள். தங்கச்சிக்காக அன்று காலையில்தான் விட்டிருந்தார்கள். பத்துமணிக்கெல்லாம் ஒச்சப்பனுக்கு ஊசியில் நூல் கோர்க்க வரவில்லை. அப்போதுதான், துபாயிலிருந்து மாமன் மகன் சுருளி வந்தபோது கொடுத்துவிட்டுப் போன வேப்பு என்கிற கரண்டுப் பீடி ஞாபகத்துக்கு வந்தது. பேனா மாதிரி இருக்கும். நெருப்பு வேண்டாம், சாம்பல் விழாது, வருகிற புகையில் மாம்பழ வாசம்தான் அடிக்கும்.

எப்படி இழுப்பது என்று கேட்டதற்குச் சுருளி போனில் பேசி அனுப்பினான். மூவரும் போனைத் தரையில் வைத்து, கோயிலில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள்.

"காய்ஞ்ச பஞ்சோட இழுத்துறாதீங்கடா, கருகல் அடிச்சுத் தொண்டையைப் புடிக்கும். மொதல்ல பஞ்சை நல்லா ஊற விடுங்க. ஒரு இழுப்புக்கும் மறு இழுப்புக்கும் நடுவுல ஆற விடுங்க. புகையை வீட்டுக்குள்ள விடாம அடக்கி வச்சிருந்து, ஆள் இல்லாத எடத்துல விடுங்க."

எந்தப் பஞ்சு என்று அவன் சொல்லவில்லை. மூவரும் யோசித்தார்கள். சொல்லாததால் எல்லாப் பஞ்சும்தான் என்று சீலையன் தீர்ப்புச் சொன்னான். உடனே விற்பனைக்கு வைத்திருந்த மெத்தை, தலையணை, பரணில் கிடந்த மூட்டை எல்லாவற்றையும் இறக்கித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார்கள். மிதந்ததன் மேல் தவசி ஏறி உட்கார்ந்துகொண்டான்.

நாகஜோதிக்கு அண்ணன்மாரை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் மெல்ல, சுருளி சொன்ன பஞ்சு அந்தக் குழாய்க்குள் இருக்குமோ என்னமோ என்றாள்.

ஒச்சப்பன் குழாயைப் பார்த்தான். தலையணையைப் பார்த்தான். "இதுக்குள்ள அது எப்படித்தா போகும்? பஞ்சு அடைக்கிறதுல நமக்குத் தெரியாததா?"

இழுத்தார்கள். கருகல் அடித்தது. தவசி தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அப்படியானால் வீட்டில் எங்கேயோ காய்ந்த பஞ்சு பாக்கி இருக்கிறது. தேடினார்கள். விளக்குத் திரியை நனைத்தார்கள். காதில் பஞ்சு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்த பெரியப்பாவின் காதில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினார்கள். அவர் எழுந்து மழைக்குச் சன்னலைச் சாத்திவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார்.

கடைசியில் நாகஜோதியின் மடிக்கு வந்தார்கள். அவள் அப்போதுதான் தைத்து முடித்திருந்த தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டாள்.

"ஒனக்காகத்தானே பீடியை விட்டோம்" என்றான் ஒச்சப்பன். கண் கலங்கியிருந்தது.

அவளால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. தலையணை தொட்டிக்குள் போயிற்று.

இவ்வளவு நேரம் சும்மா கிடந்ததில் வேப்புக்குள் இருந்த பஞ்சு அதிலிருந்த மாம்பழத் திரவத்தில் தன்னாலேயே ஊறியிருந்தது. இப்போது இழுத்தால் மாம்பழம் மணந்தது. மூவரும் தங்கச்சியைப் பார்த்தார்கள். சொன்னோமா இல்லையா என்கிற பார்வை.

அடுத்தது ஆற விடுவது. ஒச்சப்பன் ஒரு இழுப்பு இழுப்பான், சீலையன் குழாயை வாங்கி இலையில் வைத்து விசிறுவான். தொட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்பான். சோறு ஊட்டுகிற பக்குவம்.

புகையில்தான் மாட்டிக்கொண்டார்கள். தவசி புகையை வாயில் அடக்கிக்கொண்டு ஆள் இல்லாத இடம் தேடி ஓடினான். கண்மாயில் துணி துவைக்கிறார்கள். மந்தையில் சீட்டு ஆடுகிறார்கள். வழியில் வாத்தியார் நிறுத்தி, தங்கச்சிக்குச் சம்பந்தம் வருதாமே என்று விசாரித்தார். கன்னம் உப்பிய தவசி தலையை மட்டும் ஆட்டினான். பல்வலிக்குக் கிராம்பு வை என்று சொல்லிவிட்டு அவர் போனார். முகம் நீலம் பாரித்துத் திரும்பி வந்து, வாசலில் விழுந்து புகையை விட்டான்.

"இந்த ஊர்ல ஆள் இல்லாத எடமே கெடையாது" என்றான்.

"அடக்கி வைக்கத்தானே சொன்னான்? வாயிலதான் அடக்கணும்னு சொன்னானா?" என்று சீலையன் கேட்டான்.

அவர்களுக்குத் தெரிந்த அடக்கம் ஒன்றுதான். காடாத் துணி உறைகளை எடுத்தார்கள். ஒருவன் இழுத்து உறைக்குள் ஊதுவான், ஒருவன் வாயைச் சுருட்டிப் பிடிப்பான், ஒருவன் இரட்டை நூல் போட்டு நெருக்கித் தைப்பான். இலவம்பஞ்சைவிட லேசாக இருக்கிறது என்று மூவருக்கும் பெருமை பிடிபடவில்லை. சாயங்காலத்துக்குள் வரிசையாகத் தைத்து அடுக்கிவிட்டார்கள். தொட்டியில் ஊறியதையெல்லாம் எடுத்து இருந்த இடத்திலேயே திரும்பப் போட்டார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பரமன் வாசலிலேயே நின்று மூக்கை நீட்டி இழுத்தார். காப்பித் தட்டோடு வந்த நாகஜோதி நடுவீட்டிலேயே நின்றுவிட்டாள்.

"மாம்பழம்" என்றார் பரமன். உள்ளே வந்து மெத்தையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்தைச் சுற்றித் தண்ணீர் ஊறி வந்தது. எழுந்தார். மெத்தையைத் தொட்டார், மூட்டையைத் தொட்டார், பரணைத் தட்டினார். எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் போயிற்று.

"எங்க ஆபீசர்கூட இப்படிச் செஞ்சதில்ல" என்றார் பரமன். "பஞ்சு தீப்பிடிச்ச பொறகுதான் நாங்க தண்ணி ஊத்துவோம். இவங்க முன்னாடியே ஊத்தி வச்சிருக்காங்க. இந்த வீட்டுலதான் பொண்ணு எடுக்கணும்."

நாகஜோதி கண்ணைத் திறந்தாள். ஜெயபாண்டி அவளைப் பார்த்துச் சிரித்தான். சிரிப்பிலேயே பேச்சு முடிந்தது, தட்டு மாற்றுவதற்கு நாள் பார்க்கலாம் என்றார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பரமன் கையூன்றிக்கொள்ள ஒரு தலையணையைக் கேட்டார். நனையாமல் இருந்தவை அந்தப் புகை உறைகள்தான். கையை வைத்தார், கை தரைக்குப் போயிற்று.

"இதுல என்ன அடைச்சிருக்கீங்க?"

"புகைங்க மாமா" என்றான் ஒச்சப்பன். மறைத்துப் பேசிப் பழக்கமில்லாதவன்.

பரமன் வெகுநேரம் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆயுசு முழுக்கப் புகையை வெளியே துரத்தத்தான் தனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், உள்ளே வைத்துத் தைக்கலாம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை என்று வருத்தப்பட்டார். ஆனால் இது சப்பையாக இருக்கிறதே, உங்கள் புகையில் சத்து இல்லை என்றார். சீரில் இந்தத் தலையணை ஒரு ஜோடி வந்தாக வேண்டும், நல்ல புகை எப்படி வரும் என்று தனக்குத் தெரியும் என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஈரப் பஞ்சு மலையாகக் குவிந்திருந்தது. பரமன் கீழே தீ மூட்டி, குப்புறப் படுத்து ஊதிக்கொண்டிருந்தார். மூன்று அண்ணன்மாரும் உறையின் வாயை விரித்துக்கொண்டு புகைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா மேகம் இறங்கிவிட்டது என்று துணிகளை எடுத்து உள்ளே போட்டார். தெருவே தெரியவில்லை. அந்தப் புகைக்குள் தடவித் தடவி ஜெயபாண்டி நாகஜோதியின் பக்கத்தில் வந்து நின்றான். அவளுக்கு அவனிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. வெட்கத்தை விட்டுத் தலையை நிமிர்த்தி,

"உங்க வீட்டுலயும் எல்லாரும் இப்படித்தானா, இல்ல நீங்க மட்டுமாவது கொஞ்சம்" என்று ஆரம்பிப்பதற்குள், "ஆத்தா ஜோதி, ரெட்டை நூலும் ஊசியும் எடுத்துக்கிட்டு ஓடியா, நல்ல புகையா ஒன்னு மாட்டியிருக்கு" என்று மாமனார் கூப்பிட, அவள் கேள்வியைப் பாதியிலேயே விட்டுவிட்டு ஊசி எடுக்க ஓடினாள்.