படகுக்கு ஒரு தொழுவம்

புன்னைத்துறைக் கடற்கரையில் பூரணத்தம்மா என்று ஒரு குரு இருந்தார். பார்த்தால் குரு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்று, சிக்கு விழுந்த கயிற்றைப் பிரித்துக்கொண்டிருப்பார். அவரிடம் ஒரு பாய்மரப் படகு இருந்தது. பாடமெல்லாம் அதில்தான். அதனால் ஊருக்குள் பாயம்மா என்று பேர். கல்யாணத்துக்குக் கோரைப்பாய் நெய்து தருவாரா என்று விசாரித்துக்கொண்டு வெளியூர்க்காரர்கள் வந்ததும் உண்டு. அவர்களுக்கும் மோர் கொடுத்துத்தான் அனுப்புவார்.

அவருடைய சீடர் ஆவுடையப்பன். குருவுக்கு அப்பா வயது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்ட பிறகும் வீட்டு வாசலில் நின்று, வருகிறவர்களை எல்லாம் உள்ளே தள்ளிப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு, எங்கேயாவது போய் நாலு நல்ல வார்த்தை கேட்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தார். வந்தவருக்கு இந்த இடம் பிடித்துப்போயிற்று. தங்கிவிட்டார்.

வந்த அன்றே உபதேசம் கேட்டார். பூரணத்தம்மா கடலைக் காட்டினார். தூரத்தில் குருவித்தீவு, கவிழ்த்துவைத்த இட்லி மாதிரி தெரிந்தது.

"படகை எடுத்துட்டு ஒத்தையில போய் அந்தத் தீவைச் சுத்திட்டு வாங்க அண்ணாச்சி. அன்னைக்குச் சொல்லுதேன்."

அவ்வளவுதானே என்று ஆவுடையப்பன் நினைத்தார். அப்படி நினைத்து இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

பாய் ஏற்றத் தெரியும். சுக்கான் பிடிக்கத் தெரியும். குரு பக்கத்தில் இருந்தால் தீவுவரைகூடப் போய் வந்திருக்கிறார். சிக்கல் படகில் இல்லை. படகுக்குப் போவதில் இருந்தது.

படகு கரையில் நிற்காது. கடலுக்குள் பெரிய கல் ஒன்றைப் போட்டு, அதில் கயிறு கட்டி, கயிற்று நுனியில் நீல டிரம் ஒன்றை மிதக்கவிட்டிருந்தார் குரு. அந்த மிதவையில்தான் படகு கட்டியிருக்கும். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, தொட்டிலில் தூங்குகிற பிள்ளை மாதிரி அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். அதைப் பிடிக்க வேண்டுமானால் தெர்மோகோல் தெப்பத்தில் உட்கார்ந்து துடுப்புப் போட்டுப் போக வேண்டும்.

அந்தத் தெப்பத்துக்கும் ஆவுடையப்பனுக்கும் ஜென்மப் பகை. ஓடுகிற பஸ்ஸில் இரண்டு படிக்கட்டுக்கும் மாறி மாறித் தாவியவர், நிற்கிற தெப்பத்தில் உட்கார முடியாமல் விழுந்தார். இடது பக்கம் விழுவார். சுதாரித்து ஏறி வலது பக்கம் விழுவார். படகுக்குப் போய்ச் சேரும்போது உடம்பில் உப்பும் மனதில் வெறுப்பும்தான் மிஞ்சும். இன்றைக்குச் சகுனம் சரியில்லை என்று திரும்பிவிடுவார். திரும்பும்போதும் விழுவார்.

போன வருஷம் இப்படியே போக்குக் காட்டி வாடைக்காற்று வந்துவிட்டது. வாடை வந்தால் கடல் முரட்டுத்தனம் பண்ணும். தை பிறக்கிறவரை அந்தத் தீவுப் பக்கம் பாய்ப்படகு போகாது. இந்த வருஷமும் அப்படி ஆனால் என்ன செய்வது என்பதுதான் ஆவுடையப்பனின் பயம். படியேறும்போது முழங்கால் இப்போதே சத்தம் போட ஆரம்பித்திருந்தது. உபதேசம் வாங்காமலே போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்றுகூட நினைத்துக்கொள்வார்.

அந்த நேரத்தில்தான் ஊரில் புதிதாக ஜெட்டி கட்டினார்கள். சிமென்ட் மேடை, அதன் ஓரமாகத் தூண் நட்டு, ஒவ்வொரு படகுக்கும் ஒவ்வோர் இடமாகத் தடுத்திருந்தார்கள். மாடு கட்டுகிற இடம் மாதிரி இருந்ததால் ஊர்க்காரர்கள் அதற்குத் தொழுவம் என்று பேர் வைத்தார்கள். செருப்புக்கூட நனையாமல் மேடையிலிருந்து படகுக்குள் கால் வைத்துவிடலாம்.

ஆவுடையப்பன் குருவிடம் போனார்.

"தாயே, படகு மிதவையில கெடக்கது நல்லதா, தொழுவத்துல நிக்கது நல்லதா?"

"யாருக்கு?"

"படகுக்குத்தான்."

"நனையுதுன்னு அது எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே அண்ணாச்சி."

ஆவுடையப்பன் விடவில்லை. வெளியே கிடந்தால் புயலில் கயிறு அறுந்துபோகும், யாராவது அவிழ்த்துக்கொண்டு போய்விடுவார்கள், பாசி பிடிக்கும் என்று அடுக்கினார். பக்கத்தில் இருந்தால் நினைத்த நேரத்தில் கிளம்பிவிடலாம் என்றும் சொன்னார். இதைச் சொல்லும்போது குரலை இறக்கிக்கொண்டார்.

பூரணத்தம்மா அன்று சாயங்காலமே படகைக் கொண்டுவந்து தொழுவத்தில் விட்டு, கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கிளம்ப வேண்டியது. ஆனால் ராத்திரி நீர் வற்றியதில் கயிறு விறைத்து, படகு ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டு நின்றது. கயிற்றைத் தளர்த்தினார். நீர் ஏறியது. தளர்ந்த கயிற்றில் படகு தூணோடு போய் மோதியது. இறுக்கினார். வற்றியது. தளர்த்தினார். இது நடக்கும்போதே காற்று பக்கவாட்டில் அடித்தது. மிதவையில் என்றால் படகு தானாகத் திரும்பியிருக்கும். இங்கே திரும்ப வழியில்லை. விலாவில் வாங்கிக்கொண்டு தூணில் உரசியது. பழைய டிப்போவுக்குப் போய்த் தேய்ந்த டயர்கள் வாங்கிவந்து சுற்றிலும் தொங்கவிட்டார். டயரைப் பார்த்ததும் படகு கொஞ்சம் பஸ் மாதிரி தெரிந்தது. மனசுக்கு ஆறுதலாகவும் இருந்தது.

இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது படகுக்குள் ஒரு பாய் விரித்தால் என்ன என்று தோன்றியது. உட்காருகிற பாய். வெயில் அடித்ததால் மேலே தார்ப்பாய். இருட்டானதால் ஒரு பல்பு. பல்பு எரிந்ததும் ஆட்கள் வந்தார்கள்.

முதலில் மீன் வாங்க வந்த பெண்கள் நிழலுக்கு ஒதுங்கினார்கள். பிறகு நிச்சயதார்த்தம் முடித்த ஜோடி ஒன்று வந்து, பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டது. கயிற்றில் யாரோ நெத்திலி காயப்போட்டார்கள். ஒரு பூனை பாய்த்துணி மடிப்புக்குள் குட்டி போட்டது. பாலூட்டுகிற தாயைக் கிளப்பிவிட்டுப் பாயை விரிப்பது பாவம் என்று ஆவுடையப்பன் அந்த வாரம் கிளம்பவில்லை. அடுத்த வாரம் குட்டிகளுக்குக் கண் திறக்கவில்லை.

வந்தவர்களுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்குமா? இங்கே என்ன சொல்லித்தருகிறார்கள் என்று கேட்டார்கள். ஆவுடையப்பன் சொன்னார். கேட்கிறவர்கள் தலையாட்ட ஆட்ட அவருக்குப் பேச்சு ஊறியது. உலகம் ஒரு பஸ், உடம்பு ஒரு டிக்கெட், இறங்க வேண்டிய இடம் வந்தால் இறங்கியே ஆக வேண்டும் என்றெல்லாம் பிய்த்து உதறினார். சாயங்காலமானால் ஜெட்டி மேடையில் கடலை கொறித்துக்கொண்டு ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். படகுச்சாமி என்று பேர் வந்துவிட்டது. குருவைத் தேடி வருகிறவர்கள்கூட இவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறினார்கள்.

பூரணத்தம்மாவும் சில நாள் வந்து கூட்டத்தோடு உட்காருவார். கடலை வாங்கிச் சாப்பிடுவார். போகும்போது, படகு சௌக்கியமா என்று மட்டும் கேட்பார். சௌக்கியம் என்று சொல்வதற்குள் ஆவுடையப்பனுக்கு வேர்த்துவிடும்.

ஏனென்றால் வானம் மாறிக்கொண்டிருந்தது. வாடை எந்நேரமும் திரும்பலாம் என்று கடலுக்குப் போகிறவர்கள் பேசிக்கொண்டார்கள். ஆவுடையப்பன் ராத்திரி புரண்டு புரண்டு படுத்து, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் சொன்னார்.

"போறதும் வாறதும் மனசுதான தாயே. நேத்து ராத்திரி அந்தத் தீவை மனசாலே மூணு தடவை சுத்திட்டேன். உபதேசத்தைச் சொல்லிரலாம்லா?"

பூரணத்தம்மா கேட்டுக்கொண்டார். ஆவுடையப்பன் முன்னால் இலையைப் போட்டார். தண்ணீர் தெளித்தார். பிறகு எதிரில் உட்கார்ந்து தன் இலையில் சோறு போட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். ஆவுடையப்பன் இலை பச்சைப்பசேல் என்று இருந்தது. அவர் அதைப் பார்த்தார். குருவைப் பார்த்தார்.

"சாப்பிடுங்க அண்ணாச்சி. மூணு தடவை போட்டுக்கோங்க."

அதற்குப் பிறகு அவர் மனசால் எங்கேயும் போகவில்லை.

மறுநாள் காலை லீவு நாள். ஜெட்டியில் கூட்டம் எக்கச்சக்கம். கச்சான் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து இதமாக வீசிக்கொண்டிருந்தது. பூனைக்குட்டிகளுக்குக் கண் திறந்து, அவை தாயோடு மேடைக்கு இறங்கிப்போயிருந்தன. சாக்குச் சொல்ல ஒன்றும் பாக்கியில்லை என்ற பயத்திலோ என்னவோ, ஆவுடையப்பன் வழக்கத்தைவிட உரக்கப் பேசினார். படகின் நடுவில் நின்றுகொண்டு, பற்றை விடுவது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பூரணத்தம்மா கூட்டத்துக்குள் நுழைந்து வந்தார். தார்ப்பாயைச் சுருட்டி மேடையில் வைத்தார். குரு வந்து கூடமாட வேலை பார்க்கிறாரே என்று ஆவுடையப்பனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு குரு குனிந்து முன் கயிற்றை அவிழ்த்தார். பின் கயிற்றை அவிழ்த்தார். படகின் விளிம்பில் காலை வைத்து, வீட்டுக் கதவைத் தள்ளுகிற மாதிரி ஒரு தள்ளு தள்ளினார்.

ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டு பேச்சில் ஒரு நல்ல இடத்தில் இருந்தார். திறந்தபோது கூட்டம் பின்னால் போய்க்கொண்டிருந்தது. பேச்சு பிடிக்காமல் எழுந்து போகிறார்களோ என்று நினைத்தார். ஆனால் எல்லாரும் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்தபடியே சின்னதாகிக்கொண்டு போனார்கள். நின்றுகொண்டிருப்பவர்கள் பின்னால் போவதைப் படிக்கட்டில் தொங்கியபடி காலமெல்லாம் பார்த்தவருக்கு, அப்புறம்தான் விஷயம் புரிந்தது.

"ஹோல்டான்," என்று கத்தினார்.

படகு கேட்கவில்லை. விரலை வாயில் வைத்து, வண்டியை நிறுத்துகிற ஒற்றை விசிலும் அடித்துப் பார்த்தார். கரையில் ஒரு பஸ்தான் நின்றது.

"பாயை ஏத்துங்க அண்ணாச்சி," என்றது குருவின் குரல்.

வேறு வழி இல்லை. பாயை ஏற்றினார். அதற்குள்ளிருந்து பூனை முடியும் இரண்டு நெத்திலியும் உதிர்ந்தன. காற்று வாங்கிய பாய் படாரென்று விரிந்து படகை இழுத்தது. சுக்கானைப் பிடித்தார். திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தார். அந்தக் காற்றுக்கு எதிராகத் திரும்புவதைவிடத் தீவுக்குப் போவது சுலபமாக இருந்தது.

அந்தப் பக்கம் வலை போடப் போன படகுகளிடம், ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விடிவதற்கு முன்னாலேயே பூரணத்தம்மா சொல்லிவைத்திருந்தார். ஆவுடையப்பனுக்கு இது தெரியாது. தெரியாததால் நன்றாகவே ஓட்டினார்.

தீவைச் சுற்றும்போது அலை கொஞ்சம் முரண்டு பிடித்தது. ஒரு தடவை படகு சாய்ந்து முழங்கால்வரை நனைந்தார். நனைந்தது அவருக்குத் தெரியவில்லை. மறுபக்கம் போனதும் காற்று செத்துப்போனது. பாய் தொங்க, வெயிலில் சும்மா உட்கார்ந்திருந்தார். பேச ஆள் இல்லை, பேசவும் தோன்றவில்லை. தண்ணீருக்கடியில் பாசி ஒருபக்கமாகச் சாய்வதைப் பார்த்தார். பிறகு மத்தியானக் கடல்காற்று எழும்பிப் பாயைத் தொட்டது. பிள்ளையைக் குளிப்பாட்டி முடித்ததும் வீடு அமைதியாகுமே, அப்படி ஓர் அமைதியோடு படகு கரைக்குத் திரும்பியது.

பூரணத்தம்மா கரையில் நின்றுகொண்டிருந்தார். கூட்டம் எப்போதோ போய்விட்டது. ஜெட்டி ஒரு பக்கம் தெரிந்தது, நீல டிரம் ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் இரண்டுக்கும் நடுவில் பாயைத் தளர்த்திவிட்டுக் குரல் கொடுத்தார்.

"தாயே, மிதவையில கட்டட்டா, தொழுவத்துல கட்டட்டா?"

"காலையில போனியளே, இந்த நேரம்வரைக்கும் இந்தக் கேள்வி ஒரு தடவையாவது ஞாபகம் வந்துச்சா?"

ஆவுடையப்பன் யோசித்துப் பார்த்தார். தீவின் மறுபக்கத்தையும் யோசித்துப் பார்த்தார்.

"வரலை தாயே."

"அப்ப உபதேசம் ஆயிட்டு. எங்க வேணும்னாலும் கட்டுங்க."