கிணற்றைப் பார்த்த கருப்பாடுகள்

பண்ணையார் சுந்தரலிங்கத்தின் தம்பி, கச்சைக்கட்டி என்னும் அரிய இனக் கருப்பாடுகளை உயிராக வளர்த்தவர், ஒருநாள் காணாமல் போனார். ஊரைவிட்டு ஓடிவிட்டான் என்றார் அண்ணன். அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் போதும், மந்தை முழுக்கத் தோட்டத்தில் கல்பலகை போட்டு மூடிய கிணற்றைப் பார்த்து அசையாமல் நிற்கும். ஒரு குட்டிகூடக் கத்தாது. பண்ணையார் அந்நேரம் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

ஆடு மேய்க்கும் ஒச்சாயியை ஊரார் முன்னால் கூப்பிட்டு, "இன்னிக்கு இதுகளை அங்கே நிக்காமப் பண்ணு. இல்லேன்னா அத்தனையையும் வெட்டிப் பூண்டோட அழிச்சிருவேன்" என்றார்.

அந்த வட்டாரத்தில் கருப்பாட்டுக்கு வேறு மந்தை கிடையாது. "எதுக்கு நிக்குதுகன்னு கேட்டுட்டு வாரேங்கய்யா" என்று ஒச்சாயி போய்ப் பலகையில் காதை வைத்தாள். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. திரும்பி வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"உள்ளேருந்து யாரோ, 'சுந்தரண்ணே, தூக்கி விடுங்க'ன்னு கூப்பிடுறாங்கய்யா."

"பொய்!" என்று அலறினார் பண்ணையார். "போடும்போதே அவனுக்கு உசுரு இல்லடி!"

ஊரார் அவரைப் பிடித்துக் கட்டிவிட்டு, பலகையை நகர்த்தி எலும்புகளை எடுத்தார்கள். மந்தையை ஒச்சாயியிடமே ஒப்படைத்தார்கள்.

"நல்லாப் பொய் சொன்ன தாயி" என்றார் ஊர்த்தலைவர்.

"அந்தப் பேச்சு மட்டுந்தான் நானாச் சொன்னது" என்றாள் ஒச்சாயி. "உள்ளே சின்னய்யா ஆட்டைத் தண்ணிக்குக் கூப்பிடுற சத்தம் நெசமாவே கேட்டுச்சு."